இல்லாத ஏழு பேர்

சர்வரை ஓர் இயந்திரத்திலிருந்து இன்னோர் இயந்திரத்துக்கு மாற்றிய மறுவாரம் ஏதாவது தகராறு வந்தால், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கும் உங்கள் கை முதலில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். டெலிட்டுக்குப் போகும். ஒரே சாதனம் பட்டியலில் இரண்டு முறை நிற்கிறதா? ஒன்றைத் தூக்கு, ரீஸ்டார்ட் கொடு, டீ குடிக்கப் போ. இப்படித்தான் உங்களுக்கு எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் சொல்லப்போவது அதற்கு நேர் எதிரானது. ஓய்வு பெற்றவள்தானே, ஏதோ பேசிவிட்டுப் போகட்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

நான் பிறந்தது ராயபுரம். வீட்டில் எல்லோருக்கும் மீன் வியாபாரம். நான் ஒருத்திதான் படித்துவிட்டு, எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். அந்தப் பிரிவுக்கே தலைமை ஏற்று, அங்கேயே ஓய்வும் பெற்றேன். ஆபீசில் பேச ஒரு தமிழ், வீட்டில் பேச ஒரு தமிழ் என்று இரண்டு வைத்திருந்தேன். கோபம் வந்தால் வீட்டுத் தமிழ் ஆபீசுக்கு வந்துவிடும். ஒரு மேலாளர் இதை என் வருடாந்திர மதிப்பீட்டில் குறையாக எழுதினார். அதற்குப் பிறகு அவரிடம் வீட்டுத் தமிழில் மட்டும்தான் பேசினேன்.

இது அவர் கதை இல்லை. அவருக்குப் பின் வந்த ஆபரேஷன்ஸ் மேலாளரின் கதை.

எங்கள் யார்டுக்குள் தொழிலாளர்கள் வர மூன்று வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கம்பம், கம்பத்தில் கார்டு காட்டும் பெட்டி, உள்ளே போக ஒரு பக்கம், வெளியே வர மறுபக்கம். கார்டைக் காட்டினால் பச்சை எரியும், காவலாளி உள்ளே விடுவார். மூன்று பெட்டிகளும் வந்து சேருகிற கேட் சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின். அதாவது தனியாக ஒரு டப்பா கிடையாது, பெரிய இயந்திரம் ஒன்றின் வயிற்றுக்குள் குடியிருக்கும் பல கம்ப்யூட்டர்களில் அதுவும் ஒன்று. பெரிய இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது. ஒரு நீண்ட விடுமுறையில் கேட் சர்வரைப் புது இயந்திரத்துக்குக் குடிமாற்றினோம். வேலையைச் செய்தது வெளியிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர்கள். அவர்களுடைய பொறியாளர் கார்த்திக். கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர், கொஞ்சம் பயந்த சுபாவம். மூன்று வாசலிலும் தன் கார்டைக் காட்டிப் பார்த்தார். எல்லாம் பச்சை. எங்கள் பிரிவும் சரி என்று ஒப்புக்கொண்டது.

அடுத்த வாரம், விடுமுறை முடிந்து யார்டு திறந்த முதல் நாளே, ஒரு செம்புக் கம்பிச் சுருள் காணாமல் போனது. தலைமை அலுவலகம் ஆபரேஷன்ஸ் மேலாளரைப் போனில் பிடித்து உலுக்கியது. அதே நாள் மாலை தேசிங்கு என்பவருடைய குழு வேலை முடித்து மூன்றாம் வாசலில் வெளியே போக வந்தபோது, அவர்கள் கார்டுக்குச் சிவப்பு எரிந்தது. தேசிங்கு வியாசர்பாடிக்காரர். கண்டெய்னரிலிருந்து சரக்கு இறக்கும் குழுவுக்கு மேஸ்திரி. அவரோடு சேர்த்து ஏழு பேர். ஏழு கார்டும் பூட்டிக்கொண்டிருந்தன.

மேலாளர் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ஏழு கார்டுகள், காலையில் பதினான்கு நுழைவுகள். ஒவ்வொரு கார்டும் வெளியே வராமலேயே இரண்டாவது முறை உள்ளே போயிருந்தது. இப்படி நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று கேட் சர்வரின் மென்பொருளில் எழுதி வைத்திருந்தார்கள்: உள்ளே போனவன் தன் கார்டை வெளியே நிற்கும் ஒருவனிடம் நீட்டி, அவனையும் உள்ளே இழுத்துக்கொண்டான். அப்படியானால் ஏழு வெளியாட்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். கேமராவில் பார்க்கலாம் என்றால், வாசலை மறைத்துக்கொண்டு ஒரு டிரெய்லர் நின்றிருந்தது. செம்பைக் கொண்டுபோனது அந்த ஏழு வெளியாட்கள், கூட்டிவந்தது தேசிங்கு ஆட்கள் என்று மேலாளர் கணக்கை முடித்துவிட்டார். ஏழு பேரையும் இரவு சோதனை போட்ட பிறகுதான் வெளியே விட்டார்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு காகிதம். புது இயந்திரத்துக்கு மாற்றிய பிறகு கேட் சர்வர் முறையாக இயங்குகிறது என்று ஒரே ஒரு வரி. கீழே என் பெயர்.

“சின்ன ஃபார்மாலிட்டிதான் மேடம். ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

“பார்க்காம எப்படி சார் போடறது?”

“என்ன பார்க்கணும்? கார்த்திக் டெஸ்ட் பண்ணியாச்சு. சிஸ்டம் தப்புன்னா எல்லாருக்கும்ல தப்பா வரணும்? அத்தனை பேர் வர்றாங்க, போறாங்க. இந்த ஏழு பேருக்கு மட்டும் ஏன் வருது?”

நல்ல கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிடம் என்னிடம் பதில் இல்லை. உங்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பேனாவை எடுப்பீர்கள், எனக்குத் தெரியும். பெரியவர் கேட்கிறார், கேள்வி நியாயமாக இருக்கிறது, நம்மிடம் பதில் இல்லை, போட்டுவிட்டுப் போவோம். எனக்குப் பதில் தெரியவில்லை என்றால் எனக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். சர்வர் சரியாக இருக்கிறது என்று எப்படி ஆகும்? காகிதத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டேன்.

“சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன்,” என்றார். “அதுக்குள்ள சிஸ்டம் தப்புன்னு நிரூபிங்க. இல்லேன்னா ஏழு பேரையும் பிளாக்லிஸ்ட் பண்ணி எல்லா யார்டுக்கும் லெட்டர் போயிடும். காலைலயே ரெண்டு யார்டுக்குப் போன்ல சொல்லிட்டேன். ரிட்டயராகப் போற வருஷத்துல எதுக்கு மேடம் வம்பு?”

“ரிட்டயராகப் போற வருஷத்துலதான் சார் வம்பு பண்ண வசதி.”

அந்த லெட்டர் போனால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை இருக்கிற எந்த யார்டும், எந்தக் கிடங்கும் அந்த ஏழு பேரை மறுபடி வாசல் பக்கம் நிற்க விடாது. சரக்கு இறக்குவதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை தெரியாது. திருடன் என்கிற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

கார்த்திக்கை வரச் சொன்னேன். பாவம், வரும்போதே முகம் வெளுத்திருந்தது. சர்வரைத் திறந்து சாதனங்களின் பட்டியலைக் காட்டினார். மூன்று வாசலுக்கு மூன்று பெட்டிகள், சுத்தமாக இருந்தன.

“மறைஞ்சிருக்கறதையும் காட்டச் சொல்லு.”

காட்டச் சொன்னார். மூன்று நான்காயிற்று. மூன்றாம் வாசலின் பெட்டி இரண்டு முறை இருந்தது. ஒன்று பளிச்சென்று, இன்னொன்று மங்கலாக. குடிமாற்றிய சர்வர்களில் இது வழக்கமாக நடப்பதுதான். புது இயந்திரத்தில் கண் விழிக்கிற சர்வர், தன்னோடு இருந்த பொருளையே புதிது என்று நினைத்துப் புதுப் பெயர் வைத்துவிடும். பழைய பெயர் மறைந்தபடி பட்டியலிலேயே கிடக்கும். பெரும்பாலும் அது வெறும் பெயர்தான், உயிர் இருக்காது. ஆனால் எங்கள் கேட் மென்பொருள் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதைத் திறந்தால், பழைய பெயரும் வேலை செய்துகொண்டிருந்தது, புதுப் பெயரும் வேலை செய்துகொண்டிருந்தது. வீடு மாறிய பிறகும் பழைய வீட்டுக்கு ஒரு சிலிண்டர், புது வீட்டுக்கு ஒரு சிலிண்டர் என்று வந்துகொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. கம்பத்தில் ஒரு கார்டைக் காட்டினால் செய்தி இரண்டு வழியாக உள்ளே வந்தது. பழைய வழியில் வருவது கொஞ்சம் தாமதமாக.

கார்த்திக்கின் சுட்டி மங்கலான பெயரை நோக்கிப் போனது. “ஒரே நிமிஷம் மேடம், எடுத்துடறேன்.”

“கையை எடு,” என்றேன். “தொட்டே, நடக்கறதே வேற.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எடுத்துவிட்டார். பிறகு எனக்கு நல்லது செய்வதாக நினைத்து மூன்றாம் வாசலுக்கு ஓடி, தன் கார்டைக் காட்டி உள்ளேயும் வெளியேயும் திரும்பத் திரும்பப் போய்விட்டு வந்தார். ஒரு முறை காட்டினால் ஒரு பதிவு. ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

“பாருங்க மேடம், ரெண்டா விழலை. சாஃப்ட்வேர்ல பாதுகாப்பு இருக்கு. கடைசியா வந்த கார்டே அதே பக்கத்துல திரும்ப வந்தா அதை விட்டுடும். அவசரத்துல ஜனங்க ரெண்டு தடவை காட்டுவாங்கன்னு அப்படி வச்சிருக்காங்க. அதனால இது காரணமே இல்லை. அந்த ஏழு பேர்...” என்று இழுத்தார்.

மேலாளரின் கேள்விக்கு மறுபடி வந்து நின்றோம். இவர்களுக்கு மட்டும் ஏன்? திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் இதற்குப் பதில் கிடைக்காது என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

தேசிங்கும் ஆட்களும் வாசலுக்கு எதிரே டீக்கடைப் பலகையில் குந்தியிருந்தார்கள். உள்ளேயும் விடவில்லை, வீட்டுக்குப் போகவும் மனசில்லை.

“காலையில கார்டை எப்படிக் காட்டினீங்க?” என்று கேட்டேன்.

“இன்னாக்கா கேக்கற? அவனவன் கார்ட அவனவன் காட்டுவான். வேற எப்டி காட்டறது?”

“ஒவ்வொருத்தரா?”

“மெய்யாலுமேக்கா. நீ வோணா அவனுங்கள கேளு.”

ஆறு தலைகளும் ஒன்றாக ஆடின. கொஞ்சம் அதிகமாகவே ஆடின. மீன் விற்கிற வீட்டில் வளர்ந்தவளிடம், பழைய மீனை இப்போதுதான் வந்தது என்று யாரும் தள்ள முடியாது. எழுந்து முதல் வாசலுக்கு நடந்தேன். அங்கே ஒரு குழு வேலைக்கு வந்துகொண்டிருந்தது. எல்லார் தோளிலும் கடப்பாரை, சங்கிலி, கையில் சாப்பாட்டுத் தூக்கு. முன்னால் வந்த மேஸ்திரியின் கையில் ஓர் இரும்பு வளையம், அதில் கோத்த கார்டுகள். சீட்டு விரிக்கிற மாதிரி விரித்து, கம்பத்துப் பெட்டியில் பட் பட் பட்டென்று வரிசையாகக் காட்டினார். மற்றவர்கள் நிற்காமல் அவர் பின்னாலேயே உள்ளே போய்விட்டார்கள். காவலாளி தலையைக் கூடத் தூக்கவில்லை. அங்கே தினமும் அப்படித்தான் நடந்தது, நாங்கள் மேலே ஏசி அறையில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தன் கார்டைத் தானே காட்ட வேண்டும் என்று விதி எழுதிக்கொண்டிருந்தோம்.

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒரே ஆள் காட்டினால், தாமதமாக வருகிற இரண்டாவது செய்தியும் அதே கார்டுதான். மென்பொருள் விட்டுவிடும். ஏழு கார்டுகளைப் பட்பட்டென்று காட்டினால், முதலில் ஏழும் புது வழியாக வந்துவிடும். அதற்குப் பின்னால் பழைய வழியில் மறுபடி முதல் கார்டு வருகிறது. கடைசியாக வந்ததோ ஏழாவது கார்டு. இது வேறு கார்டு என்று மென்பொருள் அதை உள்ளே சேர்த்துக்கொள்ளும். மற்ற ஆறும் அப்படியே, ஏழும் ஏழும் பதினான்கு. அப்போதே சிவப்பு எரிந்திருக்கும், ஆனால் அவர்கள் உள்ளே போயிருப்பார்கள், காவலாளியும் பார்த்திருக்க மாட்டார். ஒன்றாம் வாசலிலும் இரண்டாம் வாசலிலும் பெட்டி ஒன்றே ஒன்றுதான் என்பதால் அங்கே எத்தனை குழு இப்படிக் காட்டினாலும் ஒன்றும் ஆகாது. மூன்றாம் வாசலில் வருகிற குழு தேசிங்குவினுடையது மட்டும். மற்றவர்கள் எல்லாம் தனித்தனியாக வருகிற ஆபீஸ்காரர்கள்.

டீக்கடைக்குத் திரும்பி வந்தேன். கோபம் தலைக்கேறியிருந்தது, வீட்டுத் தமிழும் கூடவே வந்துவிட்டது.

“இன்னாத்துக்குய்யா என்னாண்ட டபாய்க்கற? ஏழு கார்டும் உன் கையிலதான இருந்துச்சு?”

தேசிங்கு தரையைப் பார்த்தார்.

“சொன்னா அதுக்கும் பாஸப் புடுங்குவாங்கக்கா.”

“சொல்லாங்காட்டி திருடன்னு புடுங்குவாங்க. எது தேவல?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கொட்டினார். “ஒரு கையில கடப்பார, ஒரு கையில சோத்துத் தூக்கு. எந்தக் கையால கார்ட எடுக்கறது, நீயே சொல்லு. குனிஞ்சி எடுத்தா பின்னாடி வர்றவன் மேல கம்பி இடிக்குது. அத்தொட்டுதான் நானே வச்சிகினுகீறேன். திருட்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே கெடையாது. தோ, இவன் என் தங்கச்சி ஊட்டுக்காரன். நாந்தான் இட்டாந்து வேலைல சேத்தேன். திருடன்னு பேர வாங்கிக் குட்துட்டு எந்த மூஞ்ச வச்சிகினு நான் அவ ஊட்டுக்குப் போறது?”

கண் கலங்கிவிட்டது அவருக்கு. பொய் சொன்னதற்காக எனக்கு அவர் மேல் கோபம், பொய் சொல்ல வைத்த எங்கள் விதி மேல் அதைவிடக் கோபம். “எழுந்து போயிடாதீங்க, இங்கயே இருங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

கார்த்திக்கிடம் விவரம் சொன்னதும் அவர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். பிறகு கதவைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் பேசினார்.

“மேடம், ப்ளீஸ். இப்ப அந்தப் பழைய பெட்டியை எடுத்துட்டா நாளைலேர்ந்து எல்லாம் சரியாயிடும். யாருக்கும் தெரியாது. வெளிய வந்தா எங்க கம்பெனில என்னைத் தூக்கிடுவாங்க.”

“நாளைலேர்ந்து சரியாயிடும். நேத்திக்கு?”

“நேத்திக்கு... அது முடிஞ்சுபோச்சே மேடம்.”

“ஏழு பேருக்கு முடியலையே. நீ எடுத்துட்டா, சர்வர் எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஆயிடும். அப்புறம் அவங்க திருடங்கதான்னு நீயும் நானும் சேர்ந்து எழுதிக் கொடுத்த மாதிரி.”

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பழுதை நீக்குவது நம் வேலை, சரி. ஆனால் நீக்கிய பிறகு பழுது இருந்ததற்கே அடையாளம் இருக்காது. யாருக்கும் கெடுதல் ஆகாத பழுது என்றால் உடனே நீக்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதன் பெயரால் ஒருவனை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றால், அவன் உள்ளே வரும் வரைக்கும் பழுதைத் தொடக் கூடாது. மேலே இருப்பவர்கள் கத்துவார்கள். கத்தட்டும். சீக்கிரம் சரிசெய்தவனுக்குத்தான் இந்தத் தொழிலில் பாராட்டு என்று எனக்கும் தெரியும், அந்தப் பாராட்டு இல்லாமலேயே நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

கார்த்திக்கின் வேலைக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். சரி என்று ஒப்புக்கொண்டது எங்கள் பிரிவும்தானே, அவரை மட்டும் தூக்கில் போட நான் விடமாட்டேன் என்றேன். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

பழைய வழி, புது வழி என்று நான் ஆரம்பித்ததுமே மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “மேடம், தியரி எல்லாம் எனக்கு வேண்டாம்.”

“தியரி வேண்டாம் சார். வாசலுக்கு வாங்க. கார்டைக் கையில எடுத்துக்குங்க.”

மூன்றாம் வாசல் வழியாக முறைப்படி கார்டு காட்டி மூன்று பேரும் வெளியே வந்தோம். எதிரே தேசிங்கும் ஆட்களும் எழுந்து நின்றார்கள். மேலாளரின் கார்டைக் கேட்டேன். எதற்கு என்றார். டெஸ்ட் என்றேன். வேண்டா வெறுப்பாகக் கொடுத்தார். அவர் கார்டு, கார்த்திக் கார்டு, என் கார்டு. மூன்றையும் விரித்துப் பிடித்து, முதல் வாசலில் பார்த்த மேஸ்திரி காட்டிய மாதிரியே பட் பட் பட்டென்று காட்டினேன். பச்சை, பச்சை, பச்சை. மூவரும் உள்ளே வந்துவிட்டோம். காவலாளி பழக்க தோஷத்தில் சல்யூட் வைத்தார். அவர் கை இறங்குவதற்குள் சிவப்பு எரிய ஆரம்பித்தது.

காவலாளியின் திரையில் மூன்று பேருக்கு ஆறு நுழைவுகள். மூன்று கார்டுகளும் பூட்டிக்கொண்டிருந்தன.

“எந்த மூணு வெளியாளை சார் கூட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்டேன்.

மேலாளர் திரையைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததை வெளியே சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. “சரி, சரி. என் கார்டைத் திறந்து விடுங்க. எனக்கு வெளிய மீட்டிங் இருக்கு,” என்று வாசலை நோக்கி நடந்தார்.

காவலாளி குறுக்கே கையை நீட்டினார். “மன்னிச்சுக்குங்க சார். பூட்டின கார்டுக்காரங்கள எழுத்துல ஆர்டர் இல்லாம வுடக் கூடாதுன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

“ஆர்டர் நீங்களே எழுதலாம் சார்,” என்றேன். “காரணமும் எழுதணும். ரெண்டாவது பதிவு சர்வரோட தப்புன்னு எழுதுங்க. ஆனா அதே தப்புல அந்த ஏழு பேரும் மாட்டியிருக்காங்க. பத்துப் பேருக்கும் சேர்த்து எழுதினாத்தான் நான் திறப்பேன்.”

“முதல்ல எனக்கு மட்டும் திறங்க மேடம். அவங்களை அப்புறம் பார்க்கலாம்.”

“வரிசைப்படிதான் சார். அவங்க நேத்திக்கே மாட்டிக்கிட்டாங்க.”

“இது அடாவடி, மேடம்.”

“ஆமா சார்.”

காவலாளியின் மேசையில் குனிந்து எழுதினார். பத்துப் பெயர்களையும் எழுத வைத்தேன். நான் ஒவ்வொரு கார்டாகத் திறந்தேன், தேசிங்குவில் ஆரம்பித்து. ஏழு பேரும் ஒவ்வொருவராக வந்து, கடப்பாரையைக் கீழே வைத்து, தன் கார்டைத் தானே காட்டி, மறுபடி கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ரொம்ப நேரம் ஆயிற்று. அவர்கள் வந்து முடிகிற வரைக்கும் மேலாளர் ஓரமாக நின்றார். அதற்குப் பிறகுதான் மேலே போய் அந்தப் பழைய பெட்டியை எடுக்கச் சொன்னேன்.

செம்புக் கம்பியை யார் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இல்லாத ஏழு பேர் எடுக்கவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மீட்டிங் முடிந்து திரும்பிய மேலாளர், மொத்தமாகக் கார்டு காட்டியதற்காகவாவது நடவடிக்கை எடுப்பேன் என்றார். எடுங்கள் சார், எல்லா வாசலிலும் எல்லாக் குழுவுக்கும் சேர்த்து எடுங்கள், நாளைக்குச் சரக்கை யார் இறக்குவது என்றும் சொல்லிவிடுங்கள் என்றேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது. சில நாளில் ஒவ்வொரு கம்பத்தின் பக்கத்திலும் கடப்பாரை சாய்த்து வைக்க ஓர் இரும்புச் சட்டம் வந்தது. ஓய்வுக்குப் பிறகு எல்லோருக்கும் தருகிற ஒரு வருட நீட்டிப்பு எனக்கு மட்டும் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் செய்தேன், ஆகவே அதைப் பற்றி யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம்.

ஆனால் அன்றைக்கு எனக்கு வேலை இன்னும் முடியவில்லை. காலையிலேயே இரண்டு யார்டுகளுக்குப் போனில் பெயர் போயிருந்தது இல்லையா? தேசிங்குவை மேலே கூட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். வர மாட்டேன் என்று படிக்கட்டிலேயே மல்லுக்கட்டினார்.

“வுடுக்கா. பாஸு வந்துச்சில்ல, அது போதும். சாரு இன்னா சொல்லி இன்னா ஆவப்போவுது? சொம்மா பேஜாரு பண்ணாத.”

“நீ வுடுவ. நான் வுட மாட்டேன். வா.”

மேலாளர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். போனை எடுத்து முதல் யார்டைக் கூப்பிட்டார். “காலைல சொன்னேன்ல, அந்த ஏழு பேர் விஷயம். ஒரு டெக்னிக்கல் ப்ராப்ளம். இப்ப க்ளியராயிடுச்சு. விட்டுடுங்க,” என்றார்.

டெக்னிக்கல் ப்ராப்ளமாம். காலையில் திருடன் என்று சொன்ன வாய். மறுமுனையில் கேட்டவருக்கு இதில் என்ன புரியும்? ஏதோ சமாதானம் பண்ணி மூடிவிட்டார்கள் என்றுதான் புரியும். மேசையைத் தட்டினேன். மறுமுனைக்கும் கேட்க வேண்டும் என்றே கத்தினேன், வீட்டுத் தமிழில்.

“அவுங்க திருடலன்னு சொல்லு சார்! பேர சொல்லி சொல்லு!”

வெளியே எல்லா நாற்காலிகளும் திரும்பின. மேலாளர் ஒரு கணம் கண்ணை மூடினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தேசிங்குவிலிருந்து ஆரம்பித்து ஏழு பெயரையும் சொன்னார். “இவங்க திருடலை. யாரையும் உள்ள கூட்டிட்டு வரலை. எங்க சர்வர் தப்பு. நான் காலைல சொன்னதும் தப்பு,” என்றார். தேசிங்கு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வியர்வை மாதிரி காட்டிக்கொண்டு. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேலாளர் போனை வைத்தார். “இப்ப திருப்தியா மேடம்?”

“இன்னொரு யார்டு பாக்கி இருக்கு சார்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “பண்ணுங்க, நான் இருக்கேன்.”